இன்சினரேட்டர் புகை ரிப்போர்ட்டை நம்புறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை: இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு

கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு லேப்ல சேர்ந்தவங்க, என்விரான்மென்டல் இன்ஜினியரிங் முடிச்சிட்டு ப்ளான்ட்ல சேர்ந்தவங்க, உங்க கைக்கு முதல் மாசத்துலயே வர்ற பேப்பர் ஸ்டாக் எமிஷன் ரிப்போர்ட்தான், அதாவது சிம்னியில வர்ற புகையை அளந்த ரிப்போர்ட். ஒரே பக்கம், எட்டு பத்து வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர், பக்கத்துல லிமிட், அடியில கையெழுத்தும் சீலும். லிமிட்டுக்குள்ள இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துட்டு ஃபைல்ல போட்டுடுவாங்க, நானும் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் போட்டேன். அன்னைக்கு உள்ள என்ன எரிஞ்சது, புகையில ஆக்ஸிஜன் எவ்வளவு இருந்துச்சு, செகண்டரி சேம்பர் (புகையை ரெண்டாவது தடவை எரிக்கிற அறை) எத்தனை டிகிரில ஓடுச்சுன்னு இந்த மூணும் பக்கத்துல இல்லாம அந்த நம்பரை வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுன்னு அப்புறமாத்தான் புரிஞ்சுது. அதை எப்படிப் பார்க்கிறதுன்னு வேலை நடக்குற வரிசையிலயே சொல்றேன்.

இங்க பேசுறது அபாயகரமான கழிவு எரிக்கிற இன்சினரேட்டர் பத்தி. மருந்து கம்பெனியில டிஸ்டில்லேஷன் முடிஞ்சு அடியில தங்குற தார் மாதிரியான மிச்சம், பழைய சால்வென்ட், பெயின்ட் ஸ்லட்ஜ், எக்ஸ்பைரி ஆன பூச்சிமருந்து, எண்ணெய் கசடு, இதெல்லாம். ஆஸ்பத்திரி கழிவுக்கு 2016ல வந்த தனி ரூல் இருக்கு, அதுல லிமிட் பட்டியலும் வேற, டெம்பரேச்சரும் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

படி 1: முதல்ல மூணு பேப்பரை எடுத்து வைங்க

ஒண்ணு, ப்ளான்ட்டை ஓட்ட மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதி, அதாவது கன்சென்ட் ஆர்டர், அதோடவே அபாயக் கழிவைக் கையாள அதே வாரியம் கொடுத்த ஆத்தரைசேஷன். எவ்வளவு எரிக்கலாம், எந்த வகைக் கழிவு எரிக்கலாம்னு அதுலதான் இருக்கும். நேஷனல் லிமிட்டை விட கன்சென்ட்ல டைட்டா போட்டிருந்தா அதுதான் உங்களுக்கு லிமிட், இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல.

ரெண்டாவது, 2016 ஏப்ரல்ல வந்த அபாயக் கழிவு விதிகள். ஒவ்வொரு லோடும் எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டுற படிவம் 10 மேனிஃபெஸ்ட், வருஷா வருஷம் ஜூன் 30க்குள்ள வாரியத்துக்குப் போக வேண்டிய படிவம் 4, ஆக்ஸிடென்ட் நடந்தா கொடுக்க வேண்டிய படிவம் 11, எல்லாம் இதுலதான் வருது.

மூணாவதுதான் நம்ம அன்றாட வேலைக்கானது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 2008 ஜூன்ல மத்திய அரசு அறிவிச்ச இன்சினரேட்டர் எமிஷன் ஸ்டாண்டர்ட். ஒரு நார்மல் கன மீட்டர் புகைக்கு தூசி 50 மில்லிகிராம், ஹைட்ரஜன் க்ளோரைடு 50, சல்ஃபர் டை ஆக்ஸைடு 200, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் 400, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு 4, மொத்த ஆர்கானிக் கார்பன் 20, கார்பன் மோனாக்ஸைடு அரை மணி நேரத்துக்கு 100, நாள் முழுக்க சராசரி 50. மெர்க்குரி 0.05, கேட்மியமும் தாலியமும் சேர்த்து 0.05, ஈயம் ஆர்சனிக் குரோமியம் மாதிரி ஒன்பது உலோகம் எல்லாம் சேர்த்து 0.5. கடைசியா டயாக்ஸினும் ஃப்யூரானும் 0.1 நானோகிராம். மத்ததெல்லாம் மில்லிகிராம், இது மட்டும் நானோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமை பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்கு.

இந்தப் பட்டியலை சுவத்துல ஒட்டி வைங்க. ஆனா பட்டியலுக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்குற குறிப்புகளையும் சேர்த்து ஒட்டுங்க, ஏன்னா 'எல்லா அளவும் 11 சதவீத ஆக்ஸிஜனுக்கு, ஈரம் இல்லாத வாயுவுக்கு மாத்தணும்'ங்கிற வரி அங்கதான் இருக்கு. அதுக்கு படி 5ல வர்றேன்.

படி 2: உள்ள போறதை தெரிஞ்சுக்கோங்க

சிம்னி மேல ஏறுறதுக்கு முன்னாடி ஃபீட் லாக் புக்கைப் பாருங்க. நெருப்பு ஆர்கானிக் கெமிக்கலை உடைக்கும், உலோகத்தை உடைக்காது. மெர்க்குரி உள்ள போனா மெர்க்குரியாவேதான் வெளிய வரும், வழியில ஆக்டிவேட்டட் கார்பன் பிடிச்சா உண்டு. ஈயமும் கேட்மியமும் கொஞ்சம் சாம்பல்ல நிக்கும், மிச்சம் பொடித் தூசியோட ஒட்டிக்கிட்டுப் போகும். க்ளோரின் உள்ள போனா ஹைட்ரஜன் க்ளோரைடா வரும், அசந்தா டயாக்ஸினாவும் வரும். அதனால ஒரு நாளைக்கு எவ்வளவு க்ளோரின் எவ்வளவு உலோகம் உள்ள போகலாம்னு கணக்குப் போட்டு, லோடு வந்த உடனே லேப்ல டெஸ்ட் பண்ணி, எந்த ட்ரம்மோட எந்த ட்ரம்மைக் கலக்கலாம்னு முடிவு பண்றதுதான் புகையைக் கட்டுப்படுத்துற முதல் இடம். தூசியைப் பிடிக்கிற பேக் ஃபில்டர், புகையைக் கழுவுற ஸ்க்ரப்பர் எல்லாம் அதுக்கு அடுத்துதான்.

இதுக்கு நம்ம நாட்டுலயே எல்லாரும் பார்த்த உதாரணம் பிதாம்பூர். 1984 டிசம்பர்ல விஷவாயு கசிஞ்ச போபால் ஃபேக்டரியில 40 வருஷமா கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரி ஆரம்பத்துல 12 கன்டெய்னர்ல ஏத்தி, இந்தோர் பக்கம் இருக்குற பிதாம்பூர் இன்சினரேட்டருக்குக் கொண்டு போனாங்க. அந்த ஊர் ஜனங்க கடுமையா எதிர்த்தாங்க, அவங்க பயத்துல நியாயம் இருக்கு. மத்தியப் பிரதேச ஹைகோர்ட் மேற்பார்வையில முதல்ல 30 டன்னை மட்டும் மூணு தடவையா எரிச்சுப் பார்த்தாங்க, முதல் தடவை மணிக்கு 135 கிலோ, அடுத்தது 180, மூணாவது 270. வேகத்தைக் கூட்டக் கூட்ட புகை எப்படி மாறுதுன்னு பார்க்கத்தான் இந்த மூணு ஸ்டெப். அதுக்கப்புறம்தான் மிச்ச 307 டன்னை அதிகபட்சம் 270 கிலோ வேகத்துல எரிக்க அனுமதி கிடைச்சு ஜூன் கடைசியில முடிஞ்சது. எந்த வேகத்துல டெஸ்ட் பண்ணி பாஸ் ஆச்சோ அதுக்கு மேல போகக் கூடாதுங்கிறதுதான் ட்ரையல் பர்னோட அர்த்தம். உங்க ப்ளான்ட்லயும் ட்ரையல் பர்ன் ரிப்போர்ட் இருக்கும், தேடி எடுத்து அதுல இருக்குற ஃபீட் ரேட்டையும் இன்னைக்கு ஓடுற ஃபீட் ரேட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, எரிச்ச கழிவு 337 டன், ஆனா சுண்ணாம்பெல்லாம் சேர்ந்து கடைசியில நின்ன சாம்பலும் மிச்சமும் 800 டன்னுக்கு மேல. எரிச்சா காணாம போயிடும்னு நினைக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

படி 3: சூடு, நேரம், திடீர்க் குளிர்ச்சி

கழிவுல ஹாலஜன் சேர்ந்த ஆர்கானிக் பொருள் எடையில 1 சதவீதத்துக்குக் கம்மின்னா செகண்டரி சேம்பர்ல குறைஞ்சது 950 டிகிரி, 1 சதவீதத்துக்கு மேலன்னா 1100 டிகிரி, ரெண்டுலயும் புகை அந்தச் சூட்டுல குறைஞ்சது 2 செகண்ட் நிக்கணும். முதல்ல டீசல் பர்னரை வெச்சு இந்தச் சூட்டுக்குக் கொண்டு வந்துட்டுத்தான் கழிவை உள்ள விடணும், நடுவுல சூடு இறங்குனா ஃபீட் தானா நிக்கிற மாதிரி இன்டர்லாக் இருக்கணும். டீசல் காசு மிச்சம் பண்ண 900லயே ஃபீட் ஆரம்பிக்கிற இடங்களை நான் பார்த்திருக்கேன். நைட் ஷிஃப்ட் ட்ரெண்ட் க்ராஃபைத் திறந்தா அது அப்படியே தெரியும், அந்த நேரத்துல கார்பன் மோனாக்ஸைடு கோடு ஊசி மாதிரி மேல ஏறி நிக்கும். கார்பன் மோனாக்ஸைடு ஏறுதுன்னா எரிப்பு முழுமையா இல்லைன்னு அர்த்தம், எரிப்பு முழுமையா இல்லைன்னா மத்த ஆர்கானிக் விஷமும் உடையாம போகுதுன்னு அர்த்தம். தினமும் ஒரே ஒரு க்ராஃப் பார்க்க நேரம் இருக்குன்னா இதைப் பாருங்க.

சூட்டுல உடைஞ்ச டயாக்ஸின் திரும்பவும் உருவாகும், இது புதுசா வர்றவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். புகை ஆறும்போது சுமாரா 450 டிகிரில இருந்து 200 வரைக்கும் இருக்குற இடைவெளியில, பறக்குற சாம்பல் துகள் மேல கார்பனும் க்ளோரினும் சேர்ந்து, காப்பர் மாதிரி உலோகம் அதைத் தூண்டி விட்டு மறுபடி டயாக்ஸின் ஆகுது. அதனால அந்த இடைவெளியை கண்ணிமைக்கிற நேரத்துல தாண்ட வைக்கத்தான் க்வென்ச் டவர்ல தண்ணி ஸ்ப்ரே பண்றோம். க்வென்ச் நாசில் ரெண்டு அடைச்சிருந்தா கூட புகை மெதுவா ஆறும். நாசில் எப்ப க்ளீன் பண்ணாங்கன்னு மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டர்ல கேளுங்க.

அடியில விழுற சாம்பல்லயும் எரிப்பு நல்லா நடந்துச்சான்னு தெரியும். அதுல ஆர்கானிக் கார்பன் 3 சதவீதத்துக்குக் கீழ, இல்ல திரும்ப எரிச்சுப் பார்த்தா குறையுற எடை 5 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்.

படி 4: சிம்னி மேல

சிம்னி குறைஞ்சது 30 மீட்டர். சாம்பிள் எடுக்குற ஓட்டையை போர்ட் ஹோல்னு சொல்வோம், அது கடைசி வளைவுல இருந்து சிம்னி விட்டத்தைப் போல 8 மடங்கு மேலயும், மேல் வாயில இருந்து 2 மடங்கு கீழயும் இருந்தா புகை சுழலாம நேரா வரும். ஏணி, ப்ளாட்ஃபார்ம், கைப்பிடி, ஹார்னெஸ் மாட்ட இடம், இதெல்லாம் இல்லைன்னா ஏறாதீங்க. 'அஞ்சு நிமிஷ வேலைதான் ஏறுங்க'ம்பாங்க, முடியாதுன்னு சொல்லிட்டு கீழயே நில்லுங்க.

ஒரு சாம்பிள் எப்படி எடுக்குறோம்னு சொல்றேன். முந்தின நாளே திம்பிளை (தூசி பிடிக்கிற குப்பி மாதிரியான ஃபில்டர்) அவன்ல காய வெச்சு டெசிக்கேட்டர்ல ஆற விட்டு எடை போட்டு நம்பர் எழுதி வெச்சிருப்போம், விரல் படக் கூடாது, இடுக்கியாலதான் எடுக்கணும். மேல போய் போர்ட் மூடியைக் கழட்டும்போது முகத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க, ப்ரெஷர் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாது. முதல்ல பிட்டோட் ட்யூபை விட்டு குறுக்கால பல பாயிண்ட்ல வேகம் எடுக்கணும், டெம்பரேச்சர் எடுக்கணும், ஈரம் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு எடுக்கணும். அதை வெச்சு நாசில் சைஸ் முடிவு பண்ணி, சிம்னிக்குள்ள புகை போற அதே வேகத்துல பம்ப் இழுக்குற மாதிரி செட் பண்ணணும். இதுதான் ஐசோகைனெட்டிக். 90ல இருந்து 110 சதவீதத்துக்குள்ள இருந்தாதான் அந்த சாம்பிள் செல்லும். பம்ப் வேகமா இழுத்தா பெரிய துகள் எல்லாம் நாசிலைத் தாண்டி நேரா மேல போயிடும், நமக்கு சுத்தமான வாயுதான் அதிகமா வரும், ரிசல்ட் கம்மியா காட்டும். மெதுவா இழுத்தா நேர் எதிர். ரிப்போர்ட்ல ஐசோகைனெட்டிக் சதவீதம் எழுதவே இல்லைன்னா லேப்ல கேட்டு வாங்குங்க, தரலைன்னா அந்த தூசி நம்பரை எடுத்துக்காதீங்க.

50 மில்லிகிராம் லிமிட்ல ஒரு கன மீட்டர் இழுத்தா திம்பிள்ல சேர்றதே 50 மில்லிகிராம்தான். இறங்கும்போது திம்பிளைக் கவுத்து 5 மில்லிகிராம் கொட்டுனாலே 10 சதவீதம் போச்சு. ப்ரோபுக்குள்ள ஒட்டின தூசியையும் அசிட்டோன்ல கழுவி சேர்க்கணும், வெயில்ல நின்னு களைச்சுப் போய் இறங்குறப்ப எல்லாரும் விடுறது இந்த ஒரு வேலையைத்தான்.

படி 5: ஆக்ஸிஜன் கணக்கு, இதை மட்டும் விடவே விடாதீங்க

புகையில வெளிக்காத்து கலந்தா எல்லா நம்பரும் குறையும், விஷத்தோட மொத்த அளவு குறையாது. அதைத் தடுக்கத்தான் எல்லா ரிசல்ட்டையும் 11 சதவீத ஆக்ஸிஜனுக்கு மாத்தணும்னு ரூல். கணக்கு ரொம்ப ஈசி, அளந்த நம்பரை 10ஆல பெருக்கி, 21ல இருந்து அளந்த ஆக்ஸிஜனைக் கழிச்சா வர்றதால வகுக்கணும்.

ஒரு ரிப்போர்ட்ல தூசி 34னு இருக்குன்னு வைங்க. 50க்குள்ளதானே, பாஸ்னு தோணும். அதே பேப்பர்ல மேல ஆக்ஸிஜன் 15.2னு இருக்கு. 21ல இருந்து 15.2 போனா 5.8. 340ஐ 5.8ஆல வகுத்தா 58.6. ஃபெயில். அதே 34, ஆக்ஸிஜன் 12ன்னா 37.8, பாஸ். என் கையில முதல்முதலா இப்படி ஒரு ரிப்போர்ட் மாட்டுனப்ப கால்குலேட்டர்ல மூணு தடவை போட்டுப் பார்த்தேன், அந்த ப்ளான்ட்ல டக்ட் ஜாயின்ட்ல காத்து உள்ள இழுத்துக்கிட்டே இருந்துச்சு, யாரும் அடைக்கல, அடைக்காததால நம்பர் அழகா இருந்துச்சு.

ஈரமும் இதே கதைதான். ஸ்க்ரப்பர் தாண்டி வர்ற புகையில 20 சதவீதம் நீராவின்னா ஈரத்தோட அளந்த 40, ஈரமில்லாத கணக்குல 50 ஆகும்.

ஐரோப்பா லிமிட்டோட ஒப்பிடுறவங்களுக்கு ஒரு விஷயம், அவங்க நார்மல் கன மீட்டர்னு சொல்றது 0 டிகிரியில, நாம சொல்றது 25 டிகிரியில. ஒரே புகையை ரெண்டு முறையிலயும் எழுதுனா நம்ம நம்பர் எட்டு சதவீதத்துக்கு மேல கம்மியா வரும். அதனால 0.1 நானோகிராம்னு ரெண்டு பேரும் எழுதுனாலும் ரெண்டும் ஒண்ணு கிடையாது.

படி 6: டயாக்ஸின்

டயாக்ஸின்னு ஒரே ஒரு பொருள் கிடையாது. 7 டயாக்ஸின், 10 ஃப்யூரான், ஆக 17 பொருளையும் தனித்தனியா அளந்து, ஒவ்வொண்ணோட விஷத்தன்மைக்கு ஏத்த எண்ணால பெருக்கிக் கூட்டுனதுதான் டெக் (TEQ)ன்னு போடுற நம்பர். 1976ல இத்தாலியில செவேசோங்கிற ஊர்ல ஃபேக்டரியில இருந்து வெளிய வந்து ஆடு மாடு கோழி செத்து குழந்தைங்க தோல்ல கொப்புளம் வந்ததே, அந்தப் பொருள்தான் இதுல அளவுகோல், அதுக்கு மதிப்பு 1. கொழுப்புல தங்கும், பால்லயும் முட்டையிலயும் ஏறும், அதனாலதான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில இது இருக்கு, 2006 ஜனவரியில இந்தியாவும் அதை ஏத்துக்கிச்சு.

8 மணி நேரம் சாம்பிள் எடுக்கணும். அவ்வளவு நேரம் இழுத்தாலும் லிமிட் அளவுல சேர்றது ஒரு நானோகிராமுக்குக் கீழதான் இருக்கும், அதுவும் ஃபில்டர்லயும் ரெசின்லயும் கண்ணாடிக் குழாய் சுவர்லயுமா சிதறி இருக்கும். ஐஸ் தீர்ந்து ரெசின் சூடாயிடுச்சுன்னா போச்சு, அதனால அன்னைக்கு ஐஸ் பெட்டிக்குன்னே ஒரு ஆளை வைங்க. இதை அனலைஸ் பண்ற லேப் நாட்டுல கொஞ்சம்தான், நமக்குப் பக்கத்துல திருவனந்தபுரத்துல நிஸ்ட் (NIIST) ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கு. செலவு அதிகம்ங்கிறதால வருஷத்துக்கு எப்பவாவது ஒரு தடவைதான் எடுக்குறாங்க.

அந்த ஒரு நாள்ல உள்ள என்ன போச்சுங்கிறதுதான் என்னோட பெரிய ஆதங்கம். ஒரு ப்ளான்ட்ல நாங்க சாம்பிள் எடுக்குற கிட்டை இறக்குற நேரத்துலயே யார்டுல ட்ரம் மாத்துறதைப் பார்த்தேன், முந்தின நாள் வரைக்கும் முன்னாடி வரிசையில நின்ன க்ளோரின் ட்ரம் எல்லாம் பின்னாடி போயிடுச்சு, எண்ணெய் கசடு முன்னாடி வந்துடுச்சு. ரிசல்ட் சூப்பரா வந்துச்சு. அதுல இருந்து நான் சாம்பிள் நாளோட ஃபீட் ஷீட்டையும் அதுக்கு முந்தின ஒரு மாச ஃபீட் ஷீட்டையும் காப்பி வாங்கி ரிப்போர்ட்டோட பின் பண்ணாம கையெழுத்து போடுறதில்ல. நீங்களும் முதல் நாள்ல இருந்தே இதைப் பழக்கமாக்கிக்கோங்க, ஜூனியர் கேக்குறப்ப யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

படி 7: ஆன்லைன் மீட்டரும் எமர்ஜென்சி ஸ்டாக்கும்

2014 பிப்ரவரியில மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் போட்ட உத்தரவுல இருந்து இந்த இன்சினரேட்டர்களுக்கு 24 மணி நேர ஆன்லைன் மீட்டர் கட்டாயம். தமிழ்நாட்டுல அந்த டேட்டா கிண்டியில இருக்குற மாநில வாரியத்தோட கேர் ஏர் சென்டருக்குப் போகும். மீட்டர்ல ஒரே நம்பர் மணிக்கணக்கா ஆடாம அசையாம நின்னா சந்தேகப்படுங்க, எரியுற அடுப்போட புகை அப்படி நிக்காது. கடைசியா கேலிப்ரேஷன் எப்ப பண்ணாங்க, எந்த ரேஞ்சுல பண்ணாங்கன்னு பாருங்க.

எமர்ஜென்சி ஸ்டாக் பத்தி யாரும் முதல்ல சொல்லித் தர மாட்டாங்க. கரண்ட் போனாலோ புகையை சிம்னிக்கு இழுக்குற ஐடி ஃபேன் ட்ரிப் ஆனாலோ செகண்டரி சேம்பர் மேல இருக்குற மூடி தானா திறந்து புகை க்வென்ச், பேக் ஃபில்டர், ஸ்க்ரப்பர் எதுக்குள்ளயும் போகாம நேரா வெளிய போயிடும். ப்ளான்ட் வெடிக்காம இருக்க அது தேவைதான். ஆனா மீட்டர் இருக்குறது மெயின் சிம்னியில, அங்க அந்த நேரம் புகையே இல்ல, அதனால ஸ்க்ரீன்ல எல்லாமே பச்சையாத்தான் தெரியும். மூடி எத்தனை தடவை திறந்துச்சு, எத்தனை நிமிஷம், அந்த நேரம் ஃபீட் நின்னுச்சா, இந்த மூணும் தனி ரெஜிஸ்டர்ல இருக்கணும். இல்லைன்னா நீங்களே ஒரு நோட்டு போட்டு ஆரம்பிங்க.

பக்கத்துல குடியிருக்குறவங்களுக்கு

சிம்னியில வெள்ளையா வர்றதெல்லாம் விஷம் கிடையாது, ஸ்க்ரப்பர் நீராவி கொஞ்ச தூரத்துல கரைஞ்சு காணாம போயிடும். கரையாம நீளமா கோடு மாதிரி போறது, சாம்பல் இல்ல மஞ்சள் நிறம், தொண்டை எரியுற நெடி, ராத்திரி மட்டும் வர்றது, இதைக் குறிச்சு வைங்க. தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் அடிச்சது, ஒரு போட்டோ. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மாநில வாரியத்துகிட்ட கன்சென்ட் காப்பி, அந்தத் தேதிக்கான ஆன்லைன் டேட்டா, படிவம் 4, கடைசி டயாக்ஸின் ரிப்போர்ட், எமர்ஜென்சி ஸ்டாக் திறந்த பதிவு எல்லாம் தனித்தனி வரியா கேளுங்க. 'எல்லா விவரமும் தரவும்'னு ஒரே வரியில கேட்டா சரியா பதில் வராது.

வாரியத்துல எழுத்துல புகார் கொடுத்தும் நடக்கலைன்னா சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துல 60 நாள் நோட்டீஸ் கொடுத்துட்டு நேரடியா கோர்ட்டுக்குப் போக வழி இருக்கு. பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு சென்னையிலயே இருக்கு, பிரச்சனை முதல்ல வந்த நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும், இழப்பீடு கேக்குறதுன்னா 5 வருஷம். அந்த 6 மாசத்தை ஊர்க்கூட்டம் போட்டுப் போட்டே கழிச்சிடாதீங்க, முதல் வாரத்துலயே ரிஜிஸ்டர் தபால்ல ஒரு புகார் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வாங்கி வெச்சுக்கோங்க.